லோகநாதன் கண் விழிக்கும் கோப்பு

சுகந்திக்கு ஒரு நாளில் மிகவும் பிடித்த நேரம், லோகநாதன் கண் திறப்பதற்குச் சற்று முந்தைய நேரம். ஏற்காட்டில் அந்த வேளையில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இருக்காது. சில்வர் ஓக் மரங்கள், எதிர்வீட்டுக் கூரை, ஏரிக்குப் போகும் சாலை என்று எல்லாவற்றையும் பனி விழுங்கி ஏப்பம் விட்டிருக்கும். கட்டிலின் தலைமாட்டில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி பச்சையாகக் கண் சிமிட்டும். லோகநாதனின் வலது காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் இருக்கும் பொத்தான் லேசாக முனகும். பெட்டியும் பொத்தானும் பேசி முடிக்கிற வரைக்கும் அந்த மனிதர் கோபக்காரரும் இல்லை, நல்லவரும் இல்லை, யாருக்கும் புருஷனும் இல்லை. வெறுமனே மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். அப்புறம் இமை பிரியும்.

பிரிந்ததும் அவர் சொல்லப்போகும் முதல் சொல்லுக்காகத்தான் அவள் காப்பிக்கு டிக்காஷன்கூட இறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"சுகந்தி."

"சொல்லுங்க."

"பஸ்ஸு ஓட்டிட்டுப் போறேன். ரோடு தெரியல, எல்லாம் மேகம். திரும்பிப் பார்த்தா உள்ள ஒருத்தருமில்ல. காலி வண்டி. ஆனா பயமே இல்ல சுகந்தி. ஸ்டியரிங் பஞ்சு மாதிரி திரும்புது."

தினம் ஒரு கனவு. கேட்கக் கேட்க அவளுக்கும் பாதித் தூக்கத்தில் நடப்பது போலிருக்கும். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இந்த மனிதர் கனவென்று ஒன்றைச் சொல்லி அவள் கேட்டதில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தில் ஒரு முள்ளும் இருந்தது. அவர் ஒவ்வொரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடும்போதும் அது குத்தும்.

லோகநாதன் மலைப்பாதை பஸ் டிரைவர். சமவெளியில் வண்டிகள் எல்லாம் தாமாகவே ஓடப் பழகிவிட்டன. மலைப்பாதையை மட்டும் எந்த இயந்திரத்தாலும் கற்றுக்கொள்ள முடியவில்லை. பனியும் குரங்கும் கல்யாண வேனும் ஒரே கொண்டை ஊசி வளைவில் சேர்ந்து வந்தால் அது குழம்பிப்போய் நடுரோட்டில் நின்றுவிடும். அதனால் சேலம்–ஏற்காடு பஸ்ஸுக்கு மனிதர் வேண்டியிருந்தது. லோகநாதன் அந்த வேலையில் பேர் வாங்கியவர். கோபத்திலும் பேர் வாங்கியவர். ரசம் ஆறியிருந்தால் தட்டு பறக்கும். பெண்டாட்டிக்கு வீட்டில் பெயர் கிடையாது. "ஏய்", "இந்தா", ரொம்ப நல்ல மனநிலையில் இருந்தால் "இங்க பாரு". சுகந்தி என்ற பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது.

பிறகு பக்கவாதம் வந்தது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பொத்தான் வைத்தார்கள். கை கால் அசைவதற்கான நரம்போட்டத்தை அது பார்த்துக்கொள்ளும். அதோடு, நோயாளி பழைய ஆளாகவே எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக, அவருடைய குணத்தையும் ஒரு கோப்பாக எழுதித் தலைமாட்டுப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். தினமும் விழிக்கிறபோது பொத்தான் அதைப் படித்துவிட்டு அதன்படி ஆளை எழுப்பும். கோப்பு எழுத ஒரு பெண் வந்து, "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டாள். மகள் மகிழினிதான் பதில் சொன்னாள். கண்டிப்பு, சட்டென்று கோபம், அதிகம் பேசமாட்டார், கொஞ்சமாட்டார். சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. சுகந்தி பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

மறுநாள் லோகநாதன் கண் விழித்து, ஊசி போட வந்த நர்ஸை ஒரு வாங்கு வாங்கினார். "அப்பா வந்துட்டார்!" என்று மகிழினி அழுதாள். சுகந்தியும் அழுதாள். எதற்கு அழுதோம் என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகும் சில மாதங்கள் தட்டு பறந்தது. ஒரு மதியம், அவர் தூங்கும்போது, சுகந்தி தலைமாட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டாள். அதன் கடவுச்சொல் மகிழினியின் பிறந்தநாள். தன் பிறந்தநாளை அம்மா மறக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் அவள் வைத்தது. உள்ளே ஒரு பக்கத்துக்கு எளிய வரிகள். 'கோபம் = அதிகம்.' 'பேச்சு = குறைவு.' 'கொஞ்சல் = இல்லை.' ஒரு மனுஷனை இவ்வளவு சுருக்கமாக எழுத முடியுமா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. முதலில் பக்கத்தின் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி போட்டாள். மளிகைச் சீட்டுக்கே 'உ' போடாமல் எழுதாதவள். இத்தனை பெரிய காரியத்தை அது இல்லாமல் ஆரம்பிப்பாளா? அப்புறம் 'அதிகம்' என்பதைக் 'கொஞ்சம்' என்று மாற்றினாள். 'இல்லை' என்று போட மனசு வரவில்லை. கோபமே இல்லாத ஆள் உப்பில்லாத குழம்பு. 'குறைவு' என்பதை 'நிறைய' ஆக்கினாள். கடைசியில், அங்கே இல்லாத ஒரு வரியைத் தானே சேர்த்தாள்: 'என்னைச் சுகந்தி என்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.' கடவுச்சொல்லையும் மாற்றி மூடினாள்.

மறுநாள் காலை அவர் கண் திறந்து, ஜன்னல் பனியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சுகந்தி, இன்னைக்கு மழை வருமா?" என்றார்.

அவள் சமையலறைக்கு ஓடிப்போய் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அவர் பூனைக்குச் சோறு வைத்தார். அவளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார். சண்டைக்காரப் பக்கத்து வீட்டுக்காரரோடு மிளகுக்கொடி பற்றி மணிக்கணக்கில் பேசினார். ஆனால் அவர் 'சுகந்தி' என்னும்போதெல்லாம் அவள் மனசு ஒரு கணக்குச் சொல்லும்: இது நீ எழுதிக் கொடுத்தது. கேட்டு வாங்கின முத்தம் போல ஒன்று. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, முழுசாக மகிழவும் முடியாது.

பொங்கலுக்குச் சென்னையில் மகிழினி வீட்டுக்குப் போனதில்தான் குட்டு உடைந்தது. அவள் வீட்டு விருந்தினர் அறையில் வேறொரு பெட்டி, அதில் பழைய கோப்பு. முதல் காலையே லோகநாதன் எழுந்து, "ஏய், காப்பி எங்க?" என்று கத்தினார். பேரன் பயந்து அழுதான். மகிழினி மட்டும் பூரித்துப் போனாள். ஏற்காடு திரும்பியதும் மறுபடியும் சுகந்தி, மறுபடியும் மேகத்தில் பஸ்.

"உன் வீட்டுப் பெட்டி கெட்டுப்போச்சும்மா," என்றாள் மகிழினி போனில். "நான் கம்பெனிக்குச் சொல்லிட்டேன், ஆள் வருவாங்க."

"அவரு நல்லாத்தானே இருக்காரு?"

"என்னைத் திட்டாத அப்பா யாரோ மாதிரி இருக்காரும்மா. 'நல்லா இருக்கியாடா கண்ணு'ங்கறாரு. எனக்குப் பயமா இருக்கு. சாகப்போறவங்கதான் அப்படிப் பேசுவாங்க."

ஆள் வரட்டும் என்று சுகந்தி போனை வைத்தாள். மகளுக்கும் அது பாசம்தானே.

வந்தவன் பெயர் இளம்பரிதி. பெயரில்தான் வெயில், ஆள் மப்ளருக்குள் புதைந்து, வாசலிலேயே மூன்று தும்மல் போட்டுவிட்டுத்தான் வணக்கம் சொன்னான். லோகநாதன் அவனுக்குச் சுக்குக் காப்பி போடச் சொல்லி, சாய்வு நாற்காலியையும் விட்டுக் கொடுத்தார்.

"என் மண்டைக்குள்ள என்னதாம்ப்பா ஓடுது?"

"பிஎச்பிங்க ஐயா. அந்தக் காலத்துல வெப்சைட் எழுதறதுக்குன்னு வந்த மொழி. மூளைக்கு எழுத வந்தவங்க, புதுசா ஒண்ணு செய்யச் சோம்பல்பட்டு, கையில கிடைச்சதை மாட்டி விட்டுட்டாங்க."

"அப்ப என் தலையில ஓடறது பழைய வண்டிங்கறே."

"பழைய வண்டிதான். ஆனா மலையேறும்."

லோகநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். சுகந்திக்குச் சிரிப்பு வரவில்லை. "தம்பி, கோளாறு என்னன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றாள்.

"அந்த மொழிக்கு ஒரு பழக்கம்மா. எழுந்ததும் முதல் வேலையா ஒரு கான்ஃபிக் ஃபைலைத் தேடும். அதுல இருக்கறபடிதான் அன்னைக்குப் பொழுது ஓடும். படுத்திருக்கிற இடத்துப் பெட்டியில முதல்ல தேடும். அங்க ஃபைலே இல்லைன்னாத்தான் எங்க கம்பெனி சர்வருக்கு வரும். ஒரு இடத்துல கண்ணுல பட்டுட்டா அத்தோட தேடறதை நிறுத்திடும். அதனால இவரு எந்த ஃபைலைப் படிச்சுட்டு எழுந்திருக்கறாருன்னு தெரிஞ்சா போதும், மீதி எல்லாம் சுலபம். பெட்டியைக் கொஞ்சம் திறந்து காட்டறீங்களா?"

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு தம்பி."

சொன்ன வேகத்தில் தனக்கே கேட்காதபடி சொல்லிவிட்டாள். இளம்பரிதி சந்தேகப்படவில்லை. வீட்டுப் பெட்டியை அனுமதியில்லாமல் உடைக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. சர்வரிலிருக்கும் கோப்பில், எழுந்ததும் வலது கட்டைவிரலை ஆட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தான். லோகநாதன் மதியச் சாப்பாடு முடித்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். கட்டைவிரல் சும்மா கிடந்தது.

"பார்த்தீங்களா?" என்று அவன் மூக்கைத் துடைத்தான். "நான் ஒண்ணைத் திருத்தறேன், அவரு வேற ஒண்ணைப் பார்த்து எழுந்திருக்காரு. எங்க தொழில்ல பாதி ஆயுசு இதுலதாம்மா போகுது. தப்பான ஃபைலைத் திருத்திட்டு ஏன் மாறலை, ஏன் மாறலைன்னு தலையிலே அடிச்சுக்கறது. பெட்டியில வேற ஏதோ ஃபைல் உட்கார்ந்திருக்கு. யாரோ கை வச்சிருக்காங்க."

"வச்சிருந்தா?"

"அடுத்தவங்க குணத்துல கை வைக்கறது குற்றம்மா. அவங்க மேல கேஸ் வரும். அதைவிட, கம்பெனி ரிஸ்க் எடுக்காது. ஆஸ்பத்திரியில பதிவான ஃபைலைப் பொத்தான்லயே நிரந்தரமாப் பதிச்சுடுவோம். அப்புறம் யாரும் மாத்த முடியாது." அவன் ஏதோ குழாய் மாற்றுவதைச் சொல்வது போலச் சொன்னான். "ஆனா நாமளா ஊகிக்கக் கூடாது. நாளைக்கு விடியக்காலையில அவரு கண் முழிக்கறப்ப அந்தப் பொத்தானையே கேட்டுடுவோம். 'எந்த ஃபைலை ஏத்தினே?'ன்னு ஒரு வரிக் கேள்வி. மத்தவங்க ஆயிரம் சொல்லலாம், அது பொய் சொல்லாது. அனுமதி சாயங்காலத்துக்குள்ள வந்துடும்."

அவன் ஏரிக்கரை லாட்ஜுக்குப் போய்விட்டான். சுகந்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாளை விடிந்தால் உண்மை வெளியே வந்துவிடும். கேஸ் வரட்டும், போகட்டும். இந்த மனிதர் போய்விடுவாரே. உடம்பு இருக்கும், குரல் இருக்கும், "ஏய்" என்று கூப்பிடும்.

சாயங்காலம் ஏரிக்கரை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. படகுத்துறையில் கட்டியிருந்த படகுகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"சென்னையில எப்படி இருந்துச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள்.

அவர் படகுத்துறைப் பக்கம் பார்த்தார். "யாரோ என் வாயை வாடகைக்கு எடுத்துப் பேசற மாதிரி. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த புதுசுலயும் அப்படித்தான். நெஞ்சுல ஒண்ணு வரும், வாயில வேற வரும். தட்டை விட்டெறிஞ்சுட்டு, ஐயோன்னு நினைப்பேன். கை மறுபடியும் எறியும்."

"அதுக்கு முன்னாடியும் எறிஞ்சீங்களே."

"எறிஞ்சேன்." அவர் மறைக்கவில்லை. "வளைவுல ஒரு நொடி மெத்தனமா இருந்தா, பின்னால இருக்கிற அத்தனை பேரும் பள்ளத்துல. அதுக்காக ஒரு முகத்தை மாட்டினேன். வீட்டு வாசல்ல கழட்டி வச்சிருக்கணும். அந்தப் பழக்கம் வரல. படுத்தப்புறம்தான், இனிமே யாரையும் ஏத்திட்டுப் போக வேண்டாமேன்னு ஒரு நிம்மதி வந்துச்சு. உனக்கு அது அப்பவே தெரியலியா சுகந்தி?"

சுகந்தி என்ற பெயர் மறுபடியும் குத்தியது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் அவர் பூனையைத் தேடிக் கொல்லைப் பக்கம் போனார். அவள் பெட்டியைத் திறந்தாள். கோப்பை அழித்துவிடலாம். அழித்தால் குற்றம் மறைந்துவிடும். ஆனால் பெட்டி காலியானால் பொத்தான் நேரே சர்வருக்குப் போகும், நாளைக் காலை பழைய லோகநாதன் எழுந்திருப்பார். அழிக்காவிட்டால் நாளை இன்னும் ஒரே ஒரு முறை 'சுகந்தி' என்று கேட்கலாம், அதன் பிறகு எப்போதும் கிடையாது. கொல்லையில் அவர் பூனையைக் கெஞ்சிக் கூப்பிடுவது கேட்டது. அந்த ஒரு காலை போதும் என்று தோன்றியது. பெட்டியை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தோசை வார்த்தாள்.

விடியலில் இளம்பரிதி மப்ளரோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். கையில் ஒரு சின்னத் திரை. சுகந்தி வழக்கமான இடத்தில். ஜன்னலில் வழக்கம்போல ஒன்றுமே இல்லை. பெட்டி கண் சிமிட்டியது, பொத்தான் முனகியது. அவளுக்கு அந்த இடைவெளி முடியவே வேண்டாம் என்றிருந்தது. இப்படியே பனி வீட்டுக்குள்ளும் வந்து மூன்று பேரையும் மூடிவிட்டால் தேவலை.

இமை பிரிந்தது.

"சுகந்தி. இன்னைக்குப் பஸ்ஸு ஏரி மேலயே போச்சு. டயர்கூட நனையல."

இளம்பரிதி நிமிர்ந்தான். "ஐயா, அது கனவா?"

"கனவுதான். தினம் வரும்."

"தினமுமா? ஞாபகமும் இருக்கா?" அவன் முகம் மாறியது. "இருக்கக் கூடாதே. ஃபைல் ஏறறப்ப ராத்திரிக் கனவை வழிச்சுத் துடைச்சுட்டுத்தான் ஏறும். இந்தப் பொத்தான் வச்ச யாருக்கும் கனவு தங்காது."

அப்போதுதான் திரையில் பதில் வந்தது. அவன் அதைப் படித்தான். மறுபடியும் படித்தான். பிறகு சுகந்தியின் பக்கம் திருப்பிக் காட்டினான்.

'தேடிய இடம்: தலைமாட்டுப் பெட்டி. ஏற்றிய கோப்பு: எதுவுமில்லை.'

"எதுவுமில்லைன்னா?"

"எனக்கும் புரியலம்மா. பெட்டியில ஃபைல் இருக்கு, இல்லைன்னா சர்வருக்கு வந்திருக்கும். ஆனா ஏறல."

சுகந்தி எழுந்தாள். ஒளிக்க இனி ஒன்றுமில்லை என்று தோன்றியதும் மனசு லேசாகியிருந்தது. கடவுச்சொல்லைப் போட்டுப் பெட்டியைத் திறந்தாள். "நான்தான் தம்பி மாத்தினேன். கேஸ் போடறதுன்னா போட்டுக்குங்க. அவரை மட்டும் அப்படியே விட்டுடுங்க," என்றாள். லோகநாதன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்தார்.

இளம்பரிதி கோப்பைப் பார்த்தான். முதல் வரியிலேயே அவன் கண் நின்றது. சிரிப்பும் தும்மலும் ஒன்றாக வந்து படாத பாடு பட்டான்.

"பிள்ளையார் சுழி போட்டிருக்கீங்க!"

"போடாம எப்படித் தம்பி எழுதறது?"

"ஐயோ அம்மா. முதல் வரியே தனக்குப் புரியலைன்னா இது மொத்த ஃபைலையும் ஒதுக்கித் தள்ளிடும். தள்ளிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லாது, அமுக்கன் மாதிரி இருக்கும். ஃபைல் கிடைச்சாச்சுன்னு அடுத்த இடத்தையும் தேடாது. நீங்க எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட இது படிச்சதில்ல. அன்னைலேர்ந்து இன்னைவரைக்கும். படிக்காத எழுத்துக்குக் கேஸும் கிடையாது."

சுகந்தி பெட்டியையும் லோகநாதனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அவரோட கோபம்... பேச்சு... அதையெல்லாம் யாரு மாத்தினது?"

"ஃபைல் ஏறலைன்னா பொத்தான் கை காலை மட்டும்தான் பார்த்துக்கும். குணத்துல தலையிடாது." அவன் குரல் தணிந்தது. "இது அவருதாம்மா. அவரு மட்டும்தான்."

"முன்னாடி இருந்த கோபம்?"

"அதுவும் அவருதான். மாறினதும் அவருதான். நடுவுல சில மாசமும் சென்னையிலயும் வந்தாரே, அதுதான் நாங்க எழுதினது."

இளம்பரிதி செய்ய வேண்டியதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தான். சட்டப்படி அவன் அந்த 'உ'வை எடுத்துவிட்டுப் பதிவான கோப்பை ஏற்ற வேண்டும். ஆனால் கோப்பு எதுவும் ஏறாமல் தெளிவாக இருக்கும் மனிதன் வாய் திறந்து ஒன்று சொன்னால் அதுவே செல்லும் என்று அதே சட்டத்தில் ஒரு மூலையில் இருக்கிறதாம். அப்படி ஒரு ஆளை இதுவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அதை யாரும் பயன்படுத்தியதில்லையாம்.

"ஐயா, உங்களை யாரும் கேட்கலை. நான் கேட்கறேன். எந்த ஃபைலை ஏத்தட்டும்?"

"ஒண்ணும் ஏத்தாதே," என்றார் லோகநாதன். "காலி வண்டியாவே ஓடட்டும்."

இனி பெட்டியிலோ சர்வரிலோ எந்தக் கோப்பையும் தேட வேண்டாம் என்று இளம்பரிதி பொத்தானுக்கு எழுதி வைத்தான். மகிழினியைப் போனில் கூப்பிட்டு அவனே எல்லாவற்றையும் சொன்னான். 

"அப்ப இங்க வந்தப்ப என்னைத் திட்டினது?"

"நீங்க ஆஸ்பத்திரியில சொன்ன பதில்ங்க அது."

"அப்பா..." அவள் குரல் உடைந்தது. "நான் சொன்னது பொய்யாப்பா?"

"பொய் இல்லடா கண்ணு. பழசு."

"இனிமே திட்டவே மாட்டீங்களா?"

"நீ தப்புப் பண்ணு. அப்பப் பார்க்கலாம்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த முறை அவர்கள் வரும்போது விருந்தினர் அறையில் அந்தப் பெட்டி இருக்காது என்றாள்.

இளம்பரிதி பெட்டியைத் தன் பைக்குள் போட எடுத்தான். மூடும் முன் கோப்பை ஒரு முறை கடைசிவரை ஓட்டிப் பார்த்தவன், சட்டென்று நிறுத்தினான்.

"இதென்னம்மா கடைசி வரி? பேர் சொல்லிக் கூப்பிடணும்னு..."

சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்படி ஒரு வரியே இந்த மொழியில கிடையாது. படிச்சிருந்தாலும் அதுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது," என்று சொல்லிவிட்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனான்.

அவள் வாசலிலேயே நின்றாள். மழை வருமா என்று அவர் கேட்ட முதல் காலையிலிருந்து நேற்று ஏரிக்கரை வரைக்கும், கூப்பிட்ட ஒவ்வொரு 'சுகந்தி'யும் திரும்பி வந்தது. அத்தனையையும் தான் எழுதி வாங்கியது என்று நினைத்து அரைமனசாகக் கேட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து கேட்க வேண்டும் போலிருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. கொஞ்சம் சூடாகவே வந்தது.

"சுகந்தி! அந்தப் பையனோட பேசிட்டே நின்னா ஆச்சா? இன்னும் அடுப்புக்கூடப் பத்த வைக்கல. காப்பி இன்னைக்கா, நாளைக்கா?"

அவளுக்கு முதலில் உடம்பு பழைய பயத்தில் நடுங்கத்தான் செய்தது. பிறகு, யாரும் எழுதிக் கொடுக்காத கோபம் அது என்பது உறைத்தது. வாய்விட்டுச் சிரித்தாள்.

"கத்தாதீங்க, இதோ வரேன்," என்று முதல் முறையாக அவரை அதட்டிவிட்டு, டிக்காஷன் இறக்கப் போனாள்.